மாவு படாத கை

வாயை மூடு பாண்டீஸ்வரி, ஜாடியைத் திறந்தாயிற்று, இனி பேச்சு கிடையாது, மூச்சுகூட மூக்கு வழியாகத்தான், அதுவும் பைய. முன்னால் எஃகு மேசை, அதன் பின்பக்கத்திலிருந்து வடிகட்டிய காற்று என் நெஞ்சைப் பார்த்து வீசிக்கொண்டே இருக்கிறது, லேமினார் என்று இதற்குப் பெயர், இதன் முன்னால் உட்கார்ந்து வாழைக் குருத்தை வெட்டுகிறவள் பேசக் கூடாது, இருமக் கூடாது, தலையில் பூ, கையில் வளையல், நெற்றியில் விபூதி எதுவும் கூடாது. இடுக்கியையும் கத்தியையும் சூட்டில் செருகு, எடு, ஆற விடு. ஜாடி வாயை ஸ்பிரிட் விளக்குச் சுடரில் ஒரு சுற்றுக் காட்டு. குருத்துக் கொத்தை வெளியே எடு, கறுத்த பக்கத்தைச் சீவு, பக்கத்தில் முளைத்த சின்னக் குருத்துகளைத் தனித்தனியாகப் பிரி, மண்ணுக்குப் பதிலாக இங்கே இருக்கிற சத்துக் கூழில், புது ஜாடியில் நடு, மூடு. அடுத்தது. இந்த வேலைக்குத்தான் டிகிரி வேண்டும் என்றார்கள். பெரியகுளத்திலிருந்து கம்பம் வரைக்கும் நான் ஏறி இறங்காத லேப் கிடையாது, மண் பார்க்கிற இடம், பால் பார்க்கிற இடம், ரத்தம் பார்க்கிற இடம், எங்கே போனாலும் ஒரே பதில், படிச்சு முடிச்சிட்டு வாங்கம்மா. முடித்துவிட்டுப் போனால் முன்அனுபவம் உண்டா என்று கேட்பார்கள், அது எனக்குத் தெரியாதாக்கும். அனுபவத்துக்கு டிகிரி வேண்டும், டிகிரிக்கு அப்புறம் அனுபவம் வேண்டும், நடுவில் இருக்கிறவள் எங்கே போய் நிற்பாள்? நான் காற்றுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். தபாலில் பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், கல்யாணமாகி மகனை ஹாஸ்டலில் விட்டிருக்கிறவள், நேற்றுவரை தெருத் தெருவாக இட்லி மாவு விற்றவள், இதோ வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து ஒரு வாழையை நான்கு வாழை ஆக்குகிறேன். எனக்குத் தலைக்கனம் என்று எங்கள் தெருவில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா ஒன்றும் வரவில்லை அது.

திரும்பிப் பார்க்காதே. முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் வளர்ப்பறை, வரிசை வரிசையாக டியூப்லைட் போட்ட தட்டுகள், இந்த லேப்பைப் பார்த்துக்கொள்கிற ரெஜினா மேடம் கையில் டார்ச்சோடு என்னுடைய ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் நான் நட்டவை. கூழ் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் இன்றைக்கே நான் டெக்னீசியன். கலங்கியிருந்தால் வீட்டுக்குத்தான், பழைய பாட்டில் கழுவுகிற வேலைக்குக்கூடத் திரும்ப முடியாது, அதற்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவள் நான். இரண்டாவது வாய்ப்பு வாங்கிக் கொடுத்ததே மேடம்தான், ஆபீஸ் அறைக்குள் முதலாளி முன்னால் நின்று அவர் பேசியது வெளியே எனக்குக் கேட்டது, "சார், அந்தக்கா கை நல்ல கை சார், இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்." நல்ல கை. அதைக் கேட்டு நான் வராந்தாவில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. கத்தி ஆறிவிட்டதா, ஆறிவிட்டது, சூட்டோடு வெட்டினால் குருத்து வெந்துபோகும், போன மாதம் பக்கத்து மேசைப் பெண் அப்படித்தான் ஒரு தட்டு முழுக்க வேக வைத்தாள். டார்ச் வெளிச்சம் என் முன்னால் உள்ள எஃகில் ஒரு தடவை ஓடி மறைகிறது. எந்தத் தட்டில் நிற்கிறார்? மேல்தட்டா? மேல்தட்டில் இருப்பதெல்லாம் நான் முதல் நாள் நட்டது, அன்றைக்குக் கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நடுக்கம் வேறு அழுக்கு வேறு, நடுங்கிய கையும் சுத்தமாக இருக்கலாம். பார்க்கட்டும். நன்றாகவே பார்க்கட்டும்.

முதல் தடவை தோற்றது எதனால் என்று இந்தக் கட்டடத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான், அதுவும் என் மூக்கால். இங்கே கேன்டீனுக்கு மாவு கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தேன், வாளியை இறக்கிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடிக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுடரில் ஏதோ காட்டுகிறார்கள், பாடப் புத்தகத்தில் படித்த திசு வளர்ப்பு என் கண் முன்னால் நடக்கிறது, கால் நகரவே இல்லை. வாட்ச்மேன், "என்னக்கா, வாளிய எடுத்துட்டுக் கிளம்புங்க, அதெல்லாம் படிச்சவுக வேலை" என்றார். நானும் படிக்கிறேன் என்றேன். சிரித்தார். மறுநாளும் நின்றேன், அதற்கு மறுநாளும், நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ ரெஜினா மேடமே வெளியே வந்து, "பாட்டில் கழுவுற இடம் காலியா இருக்குக்கா, வர்றீங்களா" என்று கேட்டார். வருகிறேன் என்றேன், என்ன தருவீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. விடிகாலையில் எழுந்து மாவு ஆட்டி, வீடு வீடாகப் போட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து பாட்டில் கழுவினேன். கழுவிக்கொண்டே கேட்டேன், இது என்ன மருந்து, அது எதற்கு, இந்த ஜாடி ஏன் கறுத்தது, மேடத்துக்கே சலித்துப்போகிற அளவுக்குக் கேட்டேன். அப்புறம் உள்ளே ஒரு பெண் பிரசவத்துக்குப் போக, அவள் இடத்தில் மேடம் என்னை உட்கார வைத்தார், நட்டேன். அஞ்சே நாளில் ஜாடி ஜாடியாகக் கூழ் பால்போலக் கலங்கிவிட்டது. ஈஸ்ட் என்றார் மேடம், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வடிகட்டியைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார். கெட்ட ஜாடிகளை ஆவியில் வேக வைத்துத்தான் வெளியே கொட்ட வேண்டும், இங்கே அதற்கு ஆளுயர குக்கர் ஒன்று இருக்கிறது. குக்கரைத் திறந்தபோது ஒரு வாசம் வந்தது பாருங்கள். எங்கள் வீட்டு இட்லிச் சட்டியைத் திறந்த வாசம். என் மாவு. என் நகக்கண்ணில், என் தலைமயிரில், என் சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்து, சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் தப்பித்து, சர்க்கரை போட்ட கூழைக் கண்டதும் நிம்மதியாகப் புளித்திருக்கிறது. இருபது வருஷமாக எனக்குச் சோறு போட்ட புளிப்பு. நேரே போய் மேடத்திடம் சொன்னேன், என்னாலதான் மேடம், நான் மாவு ஆட்டுறவ. மேடம் கேட்டார், "அப்ப என்னக்கா பண்ணப் போறீங்க?"

கிரைண்டரை நிறுத்தினேன். வேறென்ன செய்ய. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் பவுன்ராஜ் சத்தம் போடுகிறவர் இல்லை, டாடா ஏஸில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போவார், வருவார், சாப்பிடுவார், தூங்குவார். அவர் அன்றைக்குக் கத்தினார். "இருக்குற தொழில விட்டுட்டு இல்லாத வேலைக்குப் போறியே, உனக்குக் கிறுக்கா? அவன் பரீட்சை மாதிரி ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுப் போன்னா போயிருவியா? பெரிய சயின்டிஸ்டு!" நானும் விட்டேனா, என் வாய்தான் தெரியுமே, மாவில் இருக்கிற ஈஸ்ட் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வந்து ஜாடியைக் கெடுக்கிறது என்று முதலில் கத்தினேன். "ஆமா, சயின்டிஸ்டுதான், நீங்க ஏத்துற தார் எல்லாம் எங்க லேப்புல பொறந்ததுதான்" என்றேன். அதோடு பேச்சு நின்றது. மறுநாள் சாயங்காலம் வீடு திரும்பினால் அடுப்படியில் கிரைண்டர் இல்லை. அது இருந்த இடத்தில் சிமென்டுத் தரையில் வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. விற்றுவிட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அந்தக் கிரைண்டர் என் காசில் வாங்கியது, அதைக் கேட்க எனக்கு வாய் துடித்தது, கேட்கவில்லை. கேட்டால் நான் அதை நினைத்து ஏங்குகிறேன் என்று ஆகிவிடும். வட்டத்தின் மேல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவர் வீட்டில் படுப்பதும் இல்லை, அவர் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வண்டியிலேயே படுத்துக்கொள்கிறார். படுக்கட்டும். நானாகப் போய்க் கூப்பிட மாட்டேன். சோறு மட்டும் கொண்டுவருகிறார், அதையும் சொல்ல வேண்டும், மத்தியானம் மணி அடித்ததும் கேட்டுக்கு வந்து கேரியரைக் கம்பியில் மாட்டிவிட்டு எட்டப் போய் நிற்கிறார், நான் எடுத்துக்கொண்ட பிறகு வண்டியை எடுக்கிறார். கையில்கூடக் கொடுப்பதில்லை, அம்புட்டு வைராக்கியம். கொத்து பெரிதாக இருக்கிறது, இதில் அஞ்சு வரும், அஞ்சாக வெட்டினால் ஒன்று சோகையாகப் போகும், நாலாகவே வெட்டு. பேராசை வேண்டாம்.

டார்ச் நின்றுவிட்டது. ஏன் நின்றது? ஒரே இடத்தில் நிற்கிறது, கீழ்த்தட்டாகத்தான் இருக்கும், கீழ்த்தட்டு புதன்கிழமை நட்டது, புதன்கிழமை என்ன செய்தேன், யோசி, காலையில் குளித்தேன், தலைக்கு ஊற்றிக்கொண்டேன், நகம் வெட்டினேன், ரசம் சாதம் சாப்பிட்டேன், பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன்? வாத்தியார் வீட்டம்மா. என் பழைய வாடிக்கை. அந்தம்மா கையில் மாவு வாளி ஏதும் இருந்ததா? இல்லை, பைதான் இருந்தது. என்ன பேசினார், ஏதோ சொன்னாரே, எனக்குச் சுருக்கென்று இருந்ததே, ஆங், "ஏ பாண்டீசு, மாவுல இப்ப உப்புத் தூக்கலா இருக்கேத்தா, கவனம் எங்க இருக்கு" என்றார். நான் கிரைண்டரை நிறுத்தி எத்தனை நாளாகிவிட்டது, குத்திக்காட்டுகிறாராக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்ப என்றாரே. இப்ப உப்புத் தூக்கல் என்றால்? யாரோ அவருக்கு இன்னும் மாவு போடுகிறார்கள், அதை என் மாவு என்று சொல்லிப் போடுகிறார்கள். யார்? இடுக்கியை இறக்கு, முதலில் ஜாடியை மூடு, மூடிவிட்டு யோசி. கேரியரை என் வீட்டுக்காரர் சும்மா மாட்டுவதில்லை, பாலித்தீன் பைக்குள் வைத்து இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டு மாட்டுகிறார், ஒவ்வொரு நாளும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் திட்டிக்கொண்டே பல்லால் கடித்து அவிழ்க்கிறேன், சோற்றுக்கு எதற்கு இந்தப் பூட்டு என்று ஒரு நாளாவது யோசித்தேனா? கண் சிவந்திருக்கிறது, தண்ணி போடுகிறாரோ என்றுகூட நினைத்தேன், பாவி. விடிகாலையில் எழுந்தால் சிவக்காதா. நேற்று கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தலையைச் சொறிந்தார், முழங்கைக்குக் கீழே மயிரில் வெள்ளையாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது, சுண்ணாம்பு மூட்டை ஏற்றினாரோ என்று நினைத்தேன். அது மாவு. உளுந்து காய்ந்தால் அப்படித்தான் ஒட்டும், அது எனக்குத் தெரியாதா, இருபது வருஷம் என் கையிலிருந்து சுரண்டியிருக்கிறேனே. விற்கவில்லை. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் அக்கா வீட்டில் வைத்து அவரே ஆட்டுகிறார். என் வாடிக்கை போய்விடக் கூடாது என்று ஆட்டுகிறார், நான் இங்கே தோற்றுத் திரும்பினால் எனக்குத் தொழில் இருக்க வேண்டும் என்று ஆட்டுகிறார், ஆட்டிவிட்டு அந்தக் கையோடு, அந்தச் சட்டையோடு என் பக்கத்தில் வரக் கூடாது என்று வண்டியில் படுக்கிறார். அன்றைக்கு ஈஸ்ட்டைப் பற்றி நான் கத்தியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல் விழுந்திருக்கிறது. நான் வைராக்கியம் என்று நினைத்தேன். அடப் பாவி மனுசா, சொன்னால் என்ன?

அழாதே. இங்கே அழக் கூடாது, கண்ணீர் ஒரு சொட்டு மேசையில் விழுந்தாலும் போச்சு, கையால் துடைத்தால் கை போச்சு. நாற்காலியைப் பின்னால் தள்ளு. தலையைக் காற்றுக்கு வெளியே எடு. முகமூடி நனைகிறது, நனையட்டும், வேறு மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அவர் மேல் கோபமாகவும் வருகிறது, பெருமையாகவும் வருகிறது, என் மேலும் பெருமையாகத்தான் இருக்கிறது, ஒரு மனிதனை விடிகாலையில் எழுப்பி உளுந்து ஆட்ட வைத்திருக்கிறதே என் படிப்பு. கண்ணாடியைத் தட்டும் சத்தம். இப்போது திரும்பலாம், ஜாடி மூடித்தான் இருக்கிறது. ரெஜினா மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், கையில் ஒரே ஒரு ஜாடி, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, முகமூடி. ஜாடியை எனக்குக் காட்டுகிறார். அடியில் ஒரு கறுப்புப் புள்ளி, பூஞ்சணம். போச்சு. மேடம் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுகிறார், "என்னக்கா அழுறீங்க? இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் தண்ணி மாதிரி இருக்கு, ஈஸ்ட் பேருக்குக்கூட இல்ல. இங்க பழகின கைக்கே இதவிட அதிகமா கெடும்." நான் வாயைத் திறக்கவில்லை, பழக்கம். மேடம் சிரிக்கிறார், "பேசலாம், ஜாடி மூடித்தான் இருக்கு. நாளையிலேர்ந்து இந்த மேச உங்களுக்கு. டெக்னீசியன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்." எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன், நன்றி என்று, உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று, வாயில் வந்ததோ, "அந்த ஒண்ணு எப்படி மேடம் கெட்டுச்சு? அது எந்த நாள் நட்டது?" என்பதுதான். அந்த ஒன்று என்னைக் குத்துகிறது. அடுத்த தடவை அதுவும் இருக்காது.

மணி அடித்தது. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, கேட்டுக்கு நடந்தேன். ஓடவில்லை, டெக்னீசியன் ஓடலாமா. கேரியர் கம்பியில் தொங்குகிறது, இரண்டு முடிச்சு. அவர் சாலைக்கு அந்தப் பக்கம் வண்டியில் சாய்ந்து நிற்கிறார், வழக்கம்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "என்னங்க, என்னைய வேலைக்கு எடுத்துட்டாங்க" என்று கத்தினேன். நிமிர்ந்தார். "மெய்யாவா?" "மெய்யாத்தான். நாளையிலேர்ந்து டெக்னீசியன்." அவர் முகம் மலர்ந்தது, இரண்டு எட்டு வைத்தார், அப்புறம் கரண்டைத் தொட்டதுபோல நின்று பின்னால் போனார். "இங்க வாங்க" என்றேன். "வேணாம், நீ திரும்ப உள்ள போகணும்ல." "கிரைண்டரு உங்க அக்கா வீட்டுலதான இருக்கு?" வாட்ச்மேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவர் தரையைப் பார்த்தார், திருடி மாட்டிக்கொண்ட ஆள்போல. "உனக்கு யாரு சொன்னா?" "உப்பு சொல்லுச்சு. வாத்தியார் வீட்டுல உப்புத் தூக்கலா இருக்குன்னு பேசிக்கிறாக, என் பேரு கெடுது." "நீ சொன்ன மாதிரிதான் போடுறேன், ஒரு கைப்பிடி." ஒரு கைப்பிடி. தார் தூக்குகிற அந்தக் கையால் ஒரு கைப்பிடி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, மத்தியானம் இன்னும் ஒரு தட்டு ஜாடி நட வேண்டியிருக்கிறது, அதனால் போகவில்லை. காய்ந்து, ஸ்பிரிட்டில் வெளுத்து, ஒரு பொட்டு மாவு இல்லாமல் இருந்த என் கையைக் கேட்டுக் கம்பிக்கு மேலே தூக்கி, விரல்களை மடக்கிக் காட்டினேன். "ஒங்க கைப்பிடி இல்லங்க, என் கைப்பிடி. இந்தா பாருங்க, இம்புட்டுத்தான்." அவர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தன் கையைத் தூக்கி மூடி, என் கையைப் பார்த்துப் பார்த்து அதைச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார்.